அக்கா தந்த சிறுநீரகம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் ஒவ்வொரு வகுப்பின் சார்பிலும் ஒருவர் பேசவேண்டும் என்று சங்கத்தினர் கேட்டுக்கொண்டபோது, 1998ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதிய உயிரியல் பிரிவுப் பிள்ளைகளாகிய நாங்கள் தொலைபேசியில் கூடிப் பேசினோம். பழைய குறும்புகளைச் சொல்லிச் சிரித்துவிட்டு இறங்கலாம் என்றார்கள் சிலர். அப்போது எங்களில் ஒருத்தி, "என்னுடைய கதையைச் சொல்லுங்கள். பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்" என்றாள். ஆகவே அவளுடைய சம்மதத்தோடுதான் இந்த உரை. வைத்தியத்துறைக்குப் போன பிள்ளை என்பதால் மேடைக்கு வருவது எங்கள் பொறுப்பாயிற்று. வகுப்புத் தோழியராகச் சொல்லும்போதும் நாங்கள்; வைத்தியர்களாகச் சொல்லும்போதும் நாங்கள். இரண்டு இடத்திலும் விட்ட பிழை எங்களுடையதாக இருப்பதால் அப்படிப் பேசுவதே நேர்மை.

எங்களுக்கு விலங்கியல் படிப்பித்த ஆசிரியை ஒருநாள் காலையில் சந்தையில் வாங்கிய இரண்டு ஆட்டுக் குண்டிக்காய்களைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். சிறுநீரகம் என்று புத்தகத்தில் படித்தது, அம்மம்மாமார் சொல்லும் குண்டிக்காய்தான் என்று அன்றுதான் எங்களில் பாதிப்பேருக்கு விளங்கியது. ஆசிரியை அதை நெடுக்காகப் பிளந்து, வெளியே கருஞ்சிவப்பாகவும் உள்ளே வெளிறியும் இருந்த பகுதிகளைக் காட்டினார். முகத்தைச் சுளிக்காமல் கையில் எடுத்துப் பார்த்தவள் ஒருத்திதான். படுவான்கரைப் பிள்ளை அவள். விடுதியில் தங்கிப் படித்தாள். மண்முனையில் பாலம் வந்தது 2014இல்தான். எங்கள் காலத்தில் அவள் வீட்டுக்குப் போவதென்றால் வாவியைப் 'பாதை'யில் ஏறித்தான் கடக்கவேண்டும். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டவேண்டும். தவணை விடுமுறை முடிந்து வரும்போது எங்கள் எல்லோருக்கும் தயிர்ச்சட்டி கொண்டுவருவாள். இன்றைய கதை அவளுடையதும், அவளுடைய அக்காவுடையதும்.

ஆசிரியை அன்று சொல்லித்தந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். வளர்ந்த ஒருவரின் சிறுநீரகம் ஏறத்தாழ 150 கிராம் நிறை; நம் கைப்பொத்தல் அளவு. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவற்றைச் சிறுநீரகத்திகள் என்று படித்தோம். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை வடித்து, அதில் ஒன்றரை, இரண்டு லீற்றரை மட்டும் சிறுநீராக வெளியே விட்டுவிட்டு மிச்சத்தை உடலுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. அழிந்துபோன வடிகட்டி மீண்டும் முளைப்பதில்லை. இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு வசனத்தைச் சுற்றித்தான் வரப்போகிறது.

எங்கள் தோழி ஆசிரியையானாள். திருமணமாகி இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரத்த அழுத்தம் கூடியது. சிறுநீரில் புரதம் போனது. குழந்தை நலமாகப் பிறந்ததும் எல்லோரும் குழந்தையைப் பார்த்தோமே தவிர, தாயின் சிறுநீரை மறுபடி சோதிக்க யாரும் நினைக்கவில்லை. கர்ப்ப காலத்தில் அழுத்தம் கூடிய பெண்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். சிலருக்கு முன்பே மறைந்திருந்த சிறுநீரக நோய் கர்ப்பத்தில்தான் முதன்முதலாகத் தலைகாட்டும். அவளுக்கு அப்படித்தான். கால் வீங்கி, சோறு வெறுத்து, படியேற முடியாமல் மூச்சு வாங்கியபோது வைத்தியசாலைக்குப் போனாள். அப்போது இரண்டு சிறுநீரகமும் பெரும்பாலும் அழிந்துவிட்டிருந்தன.

பிறகு டயலிசிஸ். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம். போய்வரும் நேரத்தையும், வந்தபின் சோர்ந்து கிடக்கும் நேரத்தையும் சேர்த்தால் கிழமையில் பாதி அதற்கே போய்விடும். குடிக்கும் தண்ணீருக்கும் கணக்கு. கைக்குழந்தையோடு ஓராண்டு அப்படி ஓடியது. 2011இல் அக்கா தன் சிறுநீரகத்தைக் கொடுத்தாள்.

ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரின் உடலைத் திறந்து உறுப்பை எடுக்க வைத்திய உலகத்துக்குத் துணிவு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அதன் தொடக்கம் ஒரு பெண்ணின் உடல். 1869இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் குஸ்தாவ் சைமன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம், முன்னர் நடந்த ஒரு சத்திரசிகிச்சையில் சிறுநீர்க்குழாய் சேதமாகி, ஓயாமல் சிறுநீர் ஒழுகும் நிலையில் ஒரு பெண் வந்தாள். ஒரு சிறுநீரகத்தை எடுத்தால் மனிதர் உயிரோடு இருப்பாரா என்று அப்போது யாருக்கும் தெரியாது. சைமன் முதலில் நாய்களில் செய்து பார்த்துவிட்டு அவளுடைய ஒரு சிறுநீரகத்தை எடுத்தார். அவள் பிழைத்தாள். ஒரு சிறுநீரகம் போதும் என்பதை உலகம் அவளிடம்தான் கற்றது.

1954 டிசம்பர் 23இல் அமெரிக்காவின் பொஸ்டனில் ஜோசப் மரே குழுவினர் ரொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார்கள். வெற்றிபெற்ற முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை அது. ரிச்சர்ட் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்த ரொனால்ட் ஒரே சிறுநீரகத்தோடு 2010 வரை, 56 ஆண்டுகள் வாழ்ந்தார். 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான மாற்றுச் சிகிச்சை நடந்தது. நம் நாட்டில் 1985இல் கொழும்பில் பேராசிரியர் ஷெரிப்டீனும் பேராசிரியர் ரெஸ்வி ஷெரிப்பும் அதைத் தொடக்கிவைத்தார்கள். 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் உடலுறுப்புக் கொடைக்கு ஒழுங்கு வகுத்தது.

அப்படி வந்த வழியில்தான் எங்கள் தோழிக்கும் ஒரு சிறுநீரகம் கிடைத்தது. அவளுக்கு அண்ணன்மார் இருவர். ஒருவர் வெளிநாட்டில்; மற்றவர் பரிசோதனைக்கு நாள் குறித்த பிறகு வரவில்லை. கணவருக்கு நீரிழிவு. அக்கா யாரும் கேட்காமலே வந்து, "எனக்கு ரெண்டு இருக்கு, இவளுக்கு ஒண்டும் இல்ல. இதில யோசிக்க என்ன இருக்கு?" என்று கையை நீட்டி இரத்தம் கொடுத்தாள். உலகமெங்கும் உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்களே கூடுதல். பெறுபவர்களில் ஆண்களே கூடுதல். தாய்வழிக் குடியை எண்ணிப் பெருமைப்படும் நம் ஊரிலும் கொடுக்கும் கை பெரும்பாலும் அம்மாவினதோ அக்காவினதோ மனைவியினதோதான்.

மாற்றுச் சிறுநீரகம் எங்கே பொருத்தப்படுகிறது என்று பலருக்குத் தெரியாது. பழைய சிறுநீரகங்கள் முதுகுப்புறத்தில் அப்படியே விடப்படும். புதியது அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், பெரும்பாலும் வலப்பக்கம், தோலுக்கும் தசைக்கும் அடியில் வைக்கப்படும். அதன் இரத்தக் குழாய்கள் காலுக்குப் போகும் பெரிய குழாய்களோடு இணைக்கப்படும். சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையோடு தைக்கப்படும். கையை வைத்தால் அது இருக்கும் இடம் தெரியும். எங்கள் தோழி பயணத்தின்போது அந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டே இருப்பாள். "அக்கா தூங்குறா, குலுக்காம ஓட்டுங்க" என்று ஓட்டோக்காரரிடம் சொல்வாள்.

இன்னொருவரின் உறுப்பை உடல் எதிரியாகவே பார்க்கும். அதைத் தடுக்க நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் எடுக்கவேண்டும். ஆனால் கிருமியை விரட்டுவதும், பிறழ்ந்த கலங்களைப் பிடித்து அழிப்பதும் அதே நோயெதிர்ப்புத்தான். காவலாளியைப் பாதித் தூக்கத்தில் வைத்திருந்தால் நண்பரும் வரலாம், கள்ளனும் வரலாம். ஆகவே மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சில புற்றுநோய்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகின்றன. சிறுநீரகப் புற்றுநோயும் அவற்றில் ஒன்று. அது பெரும்பாலும் முதுகுப்புறத்தில் விட்டுவைத்த பழைய, சுருங்கிய சிறுநீரகங்களில் வரும். பொருத்திய சிறுநீரகத்திலேயே வருவது மிக அரிது. பிரான்ஸில் 32 நிலையங்களில் சிறுநீரகம் பெற்ற 41,806 பேரைப் பார்த்த ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. பொருத்திய சிறுநீரகத்தில் கட்டி கண்டவர்கள் 79 பேர். ஆயிரத்தில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தோழி அந்த இரண்டு பேரில் ஒருத்தியானாள்.

மாற்றுச் சிகிச்சை முடிந்தபின் ஆண்டுக்கொரு தடவை அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் செய்யும்படி அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். எட்டு ஆண்டுகள் ஒழுங்காகச் செய்தாள். பிறகு கொரோனா வந்தது, வீதிகள் மூடப்பட்டன. அது முடிய எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. வரிசையில் நின்றே நாட்கள் போயின. மாத்திரையை மட்டும் எப்படியோ எடுத்துவந்தாள். ஸ்கேன் தவறியது. ஒரு நோவும் இல்லை. பொருத்திய சிறுநீரகத்துக்கு நம் நரம்புகளோடு தொடர்பில்லை. உள்ளே சிறிய கட்டி வந்தால் அது நம்மிடம் வந்து சொல்லாது. நாங்கள் மாதத்துக்கொரு தடவை அவளோடு தொலைபேசியில் பேசினோம். பிள்ளைகளின் படிப்பு, அரிசி விலை, யார் வெளிநாடு போனார்கள் என்றெல்லாம் கேட்டோம். "ஸ்கேன் செய்தாயா?" என்று வைத்தியம் படித்த நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதைத்தான் தொடக்கத்தில் பிழை என்றோம்.

2022 இறுதியில் வேறு ஒரு காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். பொருத்திய சிறுநீரகத்தின் கீழ்நுனியில், வெளிவிளிம்போடு, 2.6 சென்ரிமீற்றர் கட்டி. அன்றிரவு எங்களுக்கு அழைத்தாள். அழுகை இல்லாத குரலில் அவள் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு என்ன ஆகும்" என்பதல்ல. "அக்காவின் சிறுநீரகத்தில் புற்றுநோய் என்று அக்காவிடம் எப்படிச் சொல்வது?" என்பதுதான்.

அவளுடைய பயம் இரண்டு பக்கமும் கூரானது. தன் உடம்பில் இருந்ததுதான் தங்கைக்குப் போய்விட்டது என்று அக்கா நினைத்து நொந்துபோவாளோ என்பது ஒன்று. தந்ததைக் காப்பாற்றத் தெரியாமல் ஸ்கேனைத் தவறவிட்டவள் நான் என்பது மற்றது. வைத்தியர்களாக நாங்கள் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறோம். பதினொரு ஆண்டு கழித்து வரும் கட்டி, கொடுத்த நாளில் ஒளிந்து வந்ததாக இருப்பது அரிது. கட்டியின் கலங்கள் பெரும்பாலும் கொடுத்தவரின் சிறுநீரகத்தில் இருந்தே தோன்றினாலும், அவை வளர்ந்தது பெற்றவரின் உடலில், அடக்கப்பட்ட நோயெதிர்ப்பின் நிழலில். இதில் யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் அக்காவிடம் சொல்லாமல் விடவும் கூடாது. அவளிடம் மிச்சமிருக்கும் மற்றச் சிறுநீரகத்தையும் ஒரு தடவை ஸ்கேன் செய்து பார்ப்பது அவசியம். மறைப்பதால் அக்காவுக்குத்தான் கெடுதி வரலாம் என்று விளக்கினோம். "சத்திரசிகிச்சை முடியட்டும்" என்றாள். அதற்குமேல் நாங்கள் வற்புறுத்தவில்லை.

அடுத்த கேள்வி, எந்தச் சத்திரசிகிச்சை? முழுச் சிறுநீரகத்தையும் எடுத்துவிட்டால் கட்டி முற்றாகப் போய்விடும். ஆனால் மறுநாளே அவள் மீண்டும் டயலிசிஸ் கதிரைக்குப் போகவேண்டும். கட்டியையும் அதைச் சுற்றிய சிறு விளிம்பையும் மட்டும் எடுத்தால் சிறுநீரகம் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆனால் ஆபத்துக்கள் உண்டு. ஊசி வழியாகக் கட்டியைச் சுட்டு அல்லது உறையவைத்து அழிக்கும் முறைகளும் உண்டு. பெரிய சத்திரசிகிச்சையைத் தாங்கமுடியாதவர்களுக்கு அவை உதவும்.

புற்றுநோய் என்றால் உறுப்பு முழுவதையும் எடுப்பதே நல்லது என்ற எண்ணம் நம்மிடம் மட்டுமன்றி வைத்தியர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. 1960களில் கனடாவின் டொரொன்டோவில் சார்ள்ஸ் ரொப்சன் வகுத்த முறைப்படி, சிறுநீரகத்தையும் அதைச் சுற்றிய கொழுப்பையும் உறையையும் சேர்த்து எடுப்பதே விதியாக இருந்தது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, 1887இல், ஹைடல்பேர்க்கில் சைமனின் இடத்துக்கு வந்த வின்சென்ஸ் செர்னி கட்டி இருந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருந்தார். இரத்தக் கசிவுக்கும் சிறுநீர்க் கசிவுக்கும் பயந்து அந்த வழி பல பத்தாண்டுகள் கைவிடப்பட்டது. ஸ்கேன்கள் வந்து கட்டிகள் சிறிதாகவே அகப்படத் தொடங்கிய பிறகு மீண்டும் அது உயிர்பெற்றது. இன்று நான்கு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டி, எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால், சாதாரண சிறுநீரகத்திலேகூடக் கட்டியை மட்டும் எடுப்பதையே வழிகாட்டிகள் முதலாவதாகச் சொல்கின்றன. இரண்டு நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கே அப்படியென்றால், ஒன்றை மட்டும், அதுவும் இன்னொருவர் தந்ததை மட்டும் வைத்திருப்பவருக்கு எப்படி இருக்கவேண்டும் என்று யோசியுங்கள்.

பொருத்திய சிறுநீரகத்தில் இதைச் செய்வது ஏன் கடினம் என்பதையும் சொல்லவேண்டும். பல ஆண்டுகளில் அந்தச் சிறுநீரகம் சுற்றியுள்ள தசையோடும் குழாய்களோடும் தழும்பால் இறுகி ஒட்டியிருக்கும். பழைய கிணற்றுக் கட்டில் வேர் பிடித்ததுபோல, எது குழாய், எது தழும்பு என்று பிரிப்பதே பாதி வேலை. வெட்டும்போது இரத்தம் பெருகாமல் இருக்க நாடியைச் சற்று நேரம் இடுக்கியால் பிடிக்கவேண்டும். சிறுநீரகத்தின் நாடி தழும்புக்குள் புதைந்திருந்தால் காலுக்குப் போகும் பெரிய நாடியையே பிடிக்கவேண்டி வரலாம். இரத்தமில்லாமல் சிறுநீரகம் தாங்கும் நேரம் கொஞ்சம். இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிக்கவே பார்ப்பார்கள். சுற்றிப் பனிக்கட்டித் துகளை நிரப்பினால் இன்னும் சற்று நேரம் கிடைக்கும். அதற்குள் கட்டியை வெட்டி, திறந்த குழாய்களைத் தைத்து, சிறுநீர் சேரும் அறை திறந்திருந்தால் அதையும் மூடி, இடுக்கியை விடவேண்டும்.

கொழும்பில் நடந்தது. நாங்கள் ஐந்து பேர் வெளியே வாங்கில் இருந்தோம். நான்கு மணித்தியாலத்தில் மூன்று, ஒட்டியிருந்ததைப் பிரிப்பதிலேயே போயிற்று. நாடியைப் பிடித்திருந்தது பதினேழு நிமிடம். வைத்தியர்கள் என்ற முறையில் உள்ளே நடப்பதையெல்லாம் எங்களால் ஊகிக்க முடிந்தது. அதனால் காத்திருப்பது இலகுவாகவில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் வெளியே வந்து, "பையில் சிறுநீர் வருகிறது" என்றார். அதைவிட அழகான வசனத்தை அன்று யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்க முடியாது.

சிறுநீரகத்தின் வேலையை இரத்தத்தில் உள்ள கிரியாற்றினின் அளவால் பார்க்கிறோம். முன்பு 1.3 இருந்தது. மறுநாள் 2.1 ஆனது. மூன்று மாதத்தில் 1.5இல் நின்றது. கொஞ்சம் இழந்தாள், டயலிசிஸ் தேவைப்படவில்லை. திசுப் பரிசோதனையில் மெதுவாக வளரும் வகைப் புற்றுநோய் என்றும், வெட்டிய விளிம்பில் கட்டி இல்லை என்றும் வந்தது. மாத்திரைகளில் ஒன்றைக் குறைத்து, நோயெதிர்ப்பை அடக்கும்போதே கலங்களின் வளர்ச்சியையும் மட்டுப்படுத்தும் எவரோலிமஸ் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். கட்டி பெரிதாகிப் பரவியிருந்தால் கதை வேறு. இன்றைய புதிய புற்றுநோய் மருந்துகளில் பல, தூங்கும் நோயெதிர்ப்பை எழுப்பிவிடுபவை. எழுந்த காவலாளி முதலில் அக்காவின் சிறுநீரகத்தையே தாக்கக்கூடும். சிறிதாக இருக்கும்போதே பிடிப்பதன் பெறுமதி இவர்களுக்கு இரட்டிப்பாவது அதனால்தான்.

வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை கழித்து அக்காவிடம் சொன்னாள். நாங்களும் கூட இருந்தோம். திண்ணையில் இருந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா கையை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் பேசவும் இல்லை. பிறகு, "இதைச் சொல்லத்தான் ரெண்டு மாசமா என்ர முகத்தைப் பார்க்காமத் திரிஞ்சியா?" என்றாள். "வாழைக்குலையில ஒரு சீப்பு அழுகினா அந்தச் சீப்பை வெட்டி எறியிறதுதானே. குலையையா எறிவாங்க?" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். தனக்காக அழுதாளா, தங்கை இத்தனை நாள் தனியே சுமந்ததற்காக அழுதாளா என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த கிழமை அவளுக்கு ஸ்கேன் செய்தோம். மிச்சமிருந்த சிறுநீரகம் நன்றாக இருந்தது. ஆனால் இரத்த அழுத்தம் கூடியிருந்தது. சிறுநீரகம் கொடுத்த நாளிலிருந்து தங்கையின் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனவளுக்கு, தன் பெயரில் ஒரு கிளினிக் புத்தகம் இருக்கவில்லை.

அக்கா சொன்ன வாழைக்குலைக் கதையை வைத்திய உலகம் வேறொரு வழியில் சோதித்துப் பார்த்திருக்கிறது. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் டேவிட் நிக்கல் என்ற நிபுணர் 1996 முதல், சிறிய கட்டிக்காக முழுச் சிறுநீரகத்தையும் எடுத்துவிட முடிவுசெய்த நோயாளரின் சிறுநீரகத்திலிருந்து கட்டியை வெட்டிவிட்டு, மிச்சத்தை, நெடுநாள் காத்திருக்க முடியாத வேறு நோயாளருக்கு அவர்களது சம்மதத்தோடு பொருத்தினார். நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு அப்படிச் செய்ததில் மீண்டும் கட்டி வந்ததாகத் தெரிவிக்கப்பட்டது ஒருவருக்குத்தான். ஜப்பானின் உவாஜிமாவில் மன்னாமி மகொத்தோ என்ற வைத்தியர் இதேபோலச் செய்தது 2006இல் வெளியே வந்தபோது, முறையான சம்மதம் பெற்றாரா, எடுக்கத் தேவையில்லாத சிறுநீரகத்தை எடுத்தாரா என்று நாடே கொந்தளித்தது. ஆய்வாக அன்றி அதைச் செய்யக்கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியது. அந்த வாதம் நியாயமானது. இது எங்கும் வழமையான சிகிச்சையாகிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆயினும் சிறிய கட்டியைச் சரியாக நீக்கிய சிறுநீரகத்தின் மிச்சம் பயன்படும் என்பதற்கு அந்த மனிதர்கள் சாட்சி.

எல்லாக் கட்டிக்கும் இந்த வழி பொருந்தாது. கட்டி பெரிதாக இருந்தால், நடுவே பெரிய குழாய்களை ஒட்டி இருந்தால், பல இடத்தில் இருந்தால், சிறுநீரகம் ஏற்கெனவே களைத்துப்போயிருந்தால், முழுவதையும் எடுப்பதே உயிரைக் காக்கும். அப்போது டயலிசிஸுக்குத் திரும்புவது தோல்வி ஆகாது. கொடுத்தவரின் கொடையும் வீணாகாது. அது தந்த ஆண்டுகள் தந்தவைதான்.

தங்கைமாரே, இந்தக் கதையிலிருந்து நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டியவை சில உண்டு. கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் கூடியவர்கள், சிறுநீரில் புரதம் போனவர்கள், குழந்தை பிறந்த பிறகும் அழுத்தத்தையும் சிறுநீரையும் ஆண்டுதோறும் பாருங்கள். உங்கள் வீட்டில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவர் இருந்தால், பொருத்திய சிறுநீரகத்தையும் முதுகுப்புறத்துப் பழையவற்றையும் எப்போது ஸ்கேன் செய்யவேண்டும் என்று வைத்தியரிடம் கேட்டு, அந்த நாளைக் கலண்டரில் எழுதுங்கள். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் ஒரு நாளும் பொறுக்கவேண்டாம். புற்றுநோய் என்று கேள்விப்பட்டதும் பயத்தில் மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம். நிறுத்தினால் ஒரு கிழமையில் சிறுநீரகமே போய்விடலாம். சிறுநீரகம் கொடுத்தவருக்கும் ஒரு கிளினிக் புத்தகம் வேண்டும். கொடுக்கச் சொல்லிக் கேட்கப்படும் பெண்ணுக்கு, "இல்லை" என்று சொல்லவும் உரிமை உண்டு. அண்ணன்மாரிடமும் தம்பிமாரிடமும் அதே கேள்வியை அதே குரலில் கேட்டுப் பழகுங்கள்.

எங்கள் வகுப்பு இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறது. அதில் எங்களுக்குத் தெரிந்த, சம்மதம் தந்த, சிறுநீரகம் பெற்றவர்கள், கொடுத்தவர்கள் ஏழு பேரின் ஸ்கேன் நாள் இருக்கிறது. நாள் வருவதற்கு இரண்டு கிழமை முன் எங்களில் ஒருத்தி தொலைபேசியில் கேட்பாள். வாகனம் இல்லையென்றால் ஒழுங்கு செய்வோம். படுவான்கரையில் இருப்பவருக்கு ஓட்டோக் கூலியைப் பகிர்ந்து கொடுப்போம். இதற்கு வைத்தியர் தேவையில்லை. கேட்க நினைவுள்ள ஒருவர் போதும். நூற்றாண்டு கண்ட இந்தச் சங்கத்தில் ஒவ்வொரு வகுப்பும் அப்படி ஒரு கொப்பி வைத்தால், எங்கள் மூன்று ஆண்டுப் பிழை இன்னொருவருக்கு நேராது.

எங்கள் தோழி இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். எங்கே என்று தேடவேண்டாம். பக்கத்தில் அக்காவும் இருக்கிறாள். அடுத்த மாதம் பன்னிரண்டாம் திகதி இருவருக்கும் ஸ்கேன்.